பதினொரு நாள் மழை

மைசூர், 9 ஜூலை 1936

பிரியமான உங்களுக்கு,

காலையில் முதல் வேலையாக மழைமானியைப் பார்த்தேன். சொட்டு நீரில்லை.

உங்கள் கட்டுரையின் பிரதி வந்தது. தென் அமெரிக்கக் காற்றழுத்தம் நம் மழையை மாற்றுகிறது என்பதற்கு, நம் தோட்டத்தில் 1921 ஜூலையில் பெய்த மழையையே முக்கியச் சான்றாக வைத்திருக்கிறீர்கள்.

அப்போது நீங்கள் பம்பாயில் இருந்தீர்கள். நம் குழந்தை மோலிக்குக் காய்ச்சல். பதினொரு நாள் நான் மானியைத் திறக்கவேயில்லை. கல்லறையிலிருந்து திரும்பியபின், எல்லா நாளும் கனமழை என்று மழைக்கணக்கு நோட்டில் பதினொரு எண்களை எழுதினேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மறுவருடம் அதைப் புரட்டிய நீங்கள், "ஒரு நாள்கூட விடலையே! நீ பி.ஏ. படிச்சது மழை அளக்கத்தான்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பெங்களூரில் இதை வாசிக்கிறீர்கள். பேராசிரியர் பதவி அதைப் பொறுத்தது என்பது எனக்குத் தெரியும்.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை: அந்தப் பதினொரு எண்களையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்திட்டு, நோட்டை இன்றைய தபாலில் உங்களுக்கு அனுப்பப்போகிறேன்.

உங்கள் மனைவி