ஒளியியல் இல்லை, மொழியியல்

எங்கள் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், அப்பாவோட முழங்கால் மட்டும் அப்பப்போ கோவிச்சுக்குது, மத்தபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்கா நடக்குது. நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, டப்பிங் ஸ்டூடியோ வேலை முடிஞ்சா நேரா ரூமுக்குப் போய், உடம்பைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்னு நம்பறேன். கையில போன் இருக்கறப்போ இந்த அம்மா எதுக்குக் கடுதாசி எழுதறாங்கன்னு சிரிக்காதே. போன்ல பேசினதாலதான் இத்தனை குளறுபடியும் வந்தது. காலேஜ்ல பாடத்தை மாத்திக்கறேன், திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னியே, அது விஷயமாத்தான் எழுதறேன். சனிக்கிழமையே கொடுத்துடுவோம்னு கூரியர்காரர் சத்தியம் பண்ணாத குறையா சொல்லியிருக்கார். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் எதுவும் செய்.

முதல்ல நீ போன் பண்ணின அன்னைக்கு நான் டிரைவிங் ஸ்கூல் வண்டியில இருந்தேன். புதுசாக் கத்துக்க வந்த பல் டாக்டரம்மா ரவுண்டானா நடுவுல வண்டியை ஆஃப் பண்ணி நிறுத்திட்டாங்க, பின்னாடி இருக்கறவனெல்லாம் ஹாரன் அடிச்சு உயிரை வாங்கறான், எனக்குப் பாதி உயிர் என் பக்கத்து பிரேக்கில இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ, இந்தக் காலேஜ்லயே சினிமாப் பட்டப்படிப்புல இடம் கிடைச்சும் வேண்டாம்னுட்டேன், மூணு வருஷம் மொழியியல் படிக்கப்போறேன், அப்புறமாத்தான் சினிமாக் கல்லூரி, அங்க எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கறாங்கன்னு கடகடன்னு சொல்லி முடிச்சே. என் காதுல ஒளியியல்னு விழுந்தது. சினிமான்னா கேமரா, கேமரான்னா வெளிச்சம், பொண்ணு எவ்வளவு தூரம் யோசிச்சிருக்கான்னு எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதித் தெருவுக்குச் சொல்லியாச்சு. அப்பா சாவிக் கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னார், வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைத் தொலைச்சு வேர்த்து விறுவிறுத்து வந்த மனுஷனைக்கூட விடல. உன் மாமாவுக்குத்தான் தலைகால் புரியல. இத்தனை வருஷமாக் கல்யாண வீடியோ எடுக்கறவனாச்சே, அக்கா, வெளிச்சம் தெரிஞ்சவ ஜெயிச்சுடுவா, என் பழைய லென்ஸ் எல்லாம் அவளுக்குத்தான்னு சொல்லி, அலமாரியைக் காலி பண்ணித் துடைச்சு எடுத்து வெச்சுட்டான்.

அதைச் சொல்லத்தான் அவன் உனக்குப் போன் பண்ணினான், மொழியியலுக்கு லென்ஸ் எதுக்கு மாமான்னு நீ கேட்டே, அவ்வளவுதான், இங்க நம்ம ஹாலே ரெண்டுபட்டுப்போச்சு. பேசறதைப் படிக்க ஒரு காலேஜா, இவ பேச்சை நிறுத்த ஒரு காலேஜ் இருந்தாச் சொல்லு, நானே கொண்டுபோய் விடறேன்னு குதிச்சான். முதல் வருஷமே கையில கேமரா கொடுக்கற இடத்தை விட்டுட்டு யாராவது இலக்கணம் படிக்கப் போவாங்களான்னு கேட்டான். அப்பா டிவியைப் பார்த்துக்கிட்டே இருந்தார், டிவி ஆஃப்ல இருந்தது. நிஜத்தைச் சொல்லிடறேன்டி, எனக்கும் அப்போ மாமா கேட்டது நியாயமாத்தான் பட்டது. அன்னைக்குச் சாயங்காலம் நீ மறுபடி கூப்பிட்டு அந்த சினிமாப் படிப்புக்கே மாத்திக்கறேன்னு சொன்னப்போ, உன் இஷ்டம்னு சொல்லிட்டுக் குக்கரைப் பார்க்கப் போயிட்டேன்.

மறுநாள் அதே டாக்டரம்மா வந்தாங்க. என்னமோ தெரியல, அன்னைக்கு அவங்க கையைப் பார்க்கறதுக்குப் பதிலா வாயைக் கவனிச்சேன். ஒவ்வொரு தடவை கியர் மாத்தறப்பவும் வாய்க்குள்ளயே, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கொஞ்சம்தான், இதோ ஆயிடுச்சுன்னு சொல்லிக்கறாங்க. நாற்காலியில படுத்திருக்கறவங்ககிட்ட பல்லைப் பிடுங்கும்போது சொல்றதை அப்படியே கியருக்குச் சொல்றாங்க. என்னால சிரிப்பை அடக்க முடியல, கொஞ்ச நேரத்துல கண்ணும் கலங்கிடுச்சு, ஏன்னா அவங்க அவ்வளவு பயந்துபோயிருக்காங்கன்னு அந்தப் பேச்சைக் கேட்டப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. எத்தனை பேருக்கு வண்டி கத்துக்கொடுத்திருக்கேன், காலையும் கண்ணாடியையும்தான் பார்த்திருக்கேனே தவிர ஒருத்தர் பேச்சையும் நான் இப்படிக் கேட்டதில்ல. நீ கேட்டிருக்கே. டப்பிங் வேலையில சேர்ந்த புதுசுல சொன்னியே, நான் டைப் பண்ற வசனத்துல திருடனும் டாக்டரும் ஒரே மாதிரி பேசறாங்கம்மா, யாரும் பாதியில நிறுத்தறதில்ல, யாரும் திக்கறதில்லன்னு. லீவு நாள்ல சினிமாவுக்குக்கூடப் போகாம பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கிட்டு வருவேன்னு சொன்னப்போ, வேலையத்தவன்னு திட்டினேன். உனக்குப் படத்துல வர்ற ஆளுங்க நிஜமாப் பேசணும், அதுக்கு நிஜ ஆளுங்க ஏன் அப்படிப் பேசறாங்கன்னு தெரியணும், அதைத்தானே படிக்கணும்கறே. இது என் மரமண்டைக்கு ஏற ஒரு பல் டாக்டர் வேண்டியிருந்தது.

ஞாயித்துக்கிழமை மாமா லென்ஸ் பெட்டியோட வந்தான், உன்னை மாத்தச் சொல்லி நான் பேசணும்னு. நான் இதையெல்லாம் சொல்லிட்டு, நீ எடுக்கற வீடியோவுல ஒருத்தர் பேச்சாவது கேக்குதா, முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாட்டைப் போட்டு மூடிடறியேன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். சண்டைக்கு வருவான்னு பார்த்தா, அப்படியே உட்கார்ந்துட்டான். லென்ஸ் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு அவனாவே சொன்னான். வருஷம் கழிச்சு சில பேர் தேடிக்கிட்டு வருவாங்களாம், அண்ணா, எங்க கல்யாண வீடியோவுல அப்பா ஏதாவது பேசியிருக்காரா, அவர் போயிட்டார், ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னு. படத்துல அப்பா வாயை அசைச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பார், மேல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். இல்லீங்கன்னு சொல்லி அனுப்பறப்போ என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியாதுக்கான்னான். அதுக்கப்புறம் அவன் உன் படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. போகும்போது மட்டும், லென்ஸ் இங்கயே இருக்கட்டும், மூணு வருஷம் கழிச்சும் அது லென்ஸ்தான்னு சொல்லிட்டுப் போனான்.

அப்பாவைப் பத்திக் கேட்கணும்னு உனக்கு மனசு அடிச்சுக்குமே. அவர் என்னைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கார். நேத்து கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், யாரோ உங்க பொண்ணு என்ன படிக்கறான்னு கேட்டதுக்கு, சாவியை ராவறதை நிறுத்திட்டு, மொழியியல்னு பொறுமையா ஒவ்வொரு எழுத்தாச் சொன்னார், அவங்க அப்படின்னா என்னன்னு கேட்டதுக்கு, அவ வந்து சொல்லுவா, உட்கார்ந்து கேட்கணும்னார். எனக்குக் கவலையே இல்லன்னு நினைச்சுக்காதே. மூணு வருஷம் கழிச்சு அந்த சினிமாக் கல்லூரி உன்னைச் சேர்த்துக்கணும், இல்லன்னா என்ன வழின்னு யோசிச்சு யோசிச்சு ரெண்டு தடவை காபியில உப்பைப் போட்டேன். ஆனா எல்லாரும் பளபளன்னு நீட்டின ஒண்ணை வேண்டாம்னு சொல்லிட்டு, தனக்கு எது தெரியலயோ அதைத் தேடிப் போறதுக்கு ஒரு தைரியம் வேணும், அது எனக்கு உன் வயசுல இல்ல. உன்னை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு, இதை நேர்ல சொன்னா நீ கிண்டல் பண்ணுவே, அதான் எழுத்துல சொல்லிட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு நீ மாத்திக்கறேன்னு சொன்னப்போ என்ன வார்த்தை சொன்னே தெரியுமா. சரிங்கம்மா, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யறேன்னு சொன்னே. பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து என்னைப் போம்மா, வாம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னுதான் சொல்லியிருக்கே, ஒரு நாளும் நீங்கன்னு சொன்னதில்ல. குக்கர் சத்தத்துல அப்போ எனக்கு உறைக்கல. டாக்டரம்மா வண்டியை விட்டு இறங்கிப் போனப்புறம், தெருவோரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்ல கையை வெச்சு உட்கார்ந்திருக்கறப்போதான் அது திரும்பக் காதுல கேட்டது. என் பொண்ணுக்கு எவ்வளவு வலிச்சிருந்தா எனக்கு மரியாதை கொடுத்திருப்பான்னு அங்கயே உட்கார்ந்து அழுதேன்.

எதையும் மாத்தாதே. திங்கட்கிழமை காலேஜுக்குப் போய் இதுதான் என் பாடம்னு சொல்லிட்டு, அங்கேருந்தே எனக்குப் போன் பண்ணு. நீங்கன்னு ஆரம்பிச்சே, வெச்சுடுவேன். உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு சொல்லு, உட்கார்ந்து கேட்கறேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கணும், நல்லா இரு. மாமா உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான். தலையில ஈரத்தோட வெளிய போகாதே.

உன்,
அம்மா