பின்வரிசைக்காரனுக்கு மிஞ்சிய பொன்னாடை

அன்பின் மலருக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீர் அனுப்பிய சேட்டுக்கு வயிற்றில் பொத்தான் பூட்டுப்படவில்லை. நான் சமைக்கும் கடைச் சோறு அப்படி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் இங்கே பக்கத்து ஊரான வில்லியே லே பெல்லில் உதைபந்தாட்டப் போட்டி வைத்தார்கள். அந்தக் காலத்தில் கோல் அடித்த குலேந்திரனுக்கு மேடையில் மாலை. பின்வரிசையில் நின்று மறித்து, முழங்கால் உடைந்து, அதோடு படிப்பும் நின்றுபோன என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

"அண்ணை, நீங்கள் சாப்பிட ரோல்ஸ் கொண்டு வந்த ஆளோ?" என்றான் மைக் பிடித்த பொடியன்.

"இல்லைத் தம்பி, எங்கடை பக்கம் கோல் விழாமல் பார்த்த ஆள்."

எல்லாரும் சிரித்தார்கள். குலேந்திரனும் சிரித்தான். என் பெயரை அவன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கடைசியில் ஒரு பொன்னாடை மிஞ்சியதால் எனக்குப் போட்டார்கள்.

முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் ஒரு போத்தல் அனுப்பும். அலுமாரியில் இருக்கும் அணிப் படத்தையும் அனுப்பும். அதில் நான் நிற்கிறேனா என்று பார்க்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உமது அரியம்

பி.கு.: பொன்னாடையை உமக்கு அனுப்பத்தான் இருந்தேன். லா சப்பல் கடைத்தெருவுக்கு வர, கார் து நோர் ஸ்டேசனில் இறங்கும்போது ரயில் கதவு அதைப் பிடித்துக்கொண்டது. நான் இறங்கினேன். அது இறங்கவில்லை.