மடி கேட்டு வந்தவர்

4 ஜனவரி 2025

சிகாமட்டில் மழை விடவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தபோது வாசுகி போனில் கூப்பிட்டாள். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் இருக்கும் தங்கராஜு சித்தப்பாவின் ஒரே மகள். நாற்பது தாண்டி, மருந்தும் ஊசியுமாகப் பெற்றெடுத்த ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு இந்த மாதம் 26ஆம் தேதி மொட்டை போட்டுக் காது குத்துகிறார்களாம்.

“நீங்கதாண்ணா தாய்மாமன். மடியில வச்சுக்க வேற யாரும் இல்லலா.”

இல்லைதான். கூடப்பிறந்தவன் இருந்தால்தானே?

“சித்தப்பாவ வரச் சொல்லு. தட்டோட.”

“அப்பாவுக்கு முட்டி வலிண்ணா.”

“ரயில் இருக்கு.”

5 ஜனவரி

நேற்று முழுக்க அந்தப் பழைய குரல்தான் காதில். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம். கடைசித் தங்கை பிறந்த அன்று, சித்தப்பா — அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, வெள்ளைச் சட்டை — எங்கள் லயத்து வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும் அப்பாவைக் கேட்டார்: “பால்மரம் வெட்டறதும் புள்ள பெக்கறதும் விட்டா உனக்கு வேற என்னண்ணே தெரியும்?” அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழு பேர் நாங்கள். பையன்கள் மூவர். மூத்தவர் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் கடல் தாண்டி பெர்த் நகரத்தில், யாரோடும் பேச்சில்லை. மிச்சம் நான். ஏழு பேருக்கும் சேர்த்து மூன்றே பிள்ளைகள். அதில் ஒன்றும் என்னுடையதில்லை.

11 ஜனவரி

வந்தார். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. மழையில் நடந்தே வந்திருக்கிறார். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். துண்டு கொடுத்தேன், நாற்காலி கொடுத்தேன். தேநீர் கொடுக்கவில்லை.

“நீ வரணும், சுகுமாரா. மாமன் மொற.”

“எங்கப்பா ஏழு பெத்ததாலதான் இன்னிக்கு உங்களுக்கு ஒரு மாமன் கெடச்சான். இல்லையா சித்தப்பா?”

“ஆமாப்பா.”

“சத்தமா சொல்லுங்க. மழையில கேக்கல.”

“அண்ணன் செஞ்சதுதான் சரி. போதுமா?” பிறகு தானாகவே பேசினார். “ஒன்னு இருந்தா நல்லா படிக்க வைக்கலாம்னு நெனச்சேன். படிச்சா. தெனம் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வந்தே அவளுக்கு வயசு போச்சு. மாப்பிள்ளையும் அங்க ஒரே புள்ள. இந்தக் கொழந்தைக்கு அத்தை இல்ல, பெரியம்மா இல்ல. மாமனாச்சும் இருக்கட்டும்பா.”

இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. கிழவருக்குக் கண் கலங்கியது. எனக்கு எத்தனை வருடம் கழித்து அப்படி ஒரு சுகம்!

25 ஜனவரி

போகப்போவதில்லை. தட்டை வாங்கும்போதே தெரியும். தெரியாதா என்ன?

26 ஜனவரி

‘வெள்ளம். பாதையை மூடிவிட்டார்கள்’ என்று காலையில் வாசுகிக்குச் செய்தி அனுப்பினேன். நல்ல வெயில். கடையில் ரொட்டி சானாய் தின்றேன். சித்தப்பாவின் பெயர் போனில் மின்னி மின்னி அணைந்தது. மடி இல்லாமல் நிற்கட்டும். அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு கத்தட்டும்.

வாசுகியின் பதில்: ‘பரவால்லண்ணா. பத்திரமா இருங்க.’

நம்பிவிட்டாள்.

28 ஜனவரி

படம் போட்டிருக்கிறாள். அவள் கணவன் அர்ச்சுனனோடு வேலை செய்யும் கென்னத் — வேதக்காரன்! — கழுத்தில் சிலுவைச் சங்கிலி, இடுப்பில் இரவல் வேட்டி, மடியில் குழந்தை. ‘மாமன் மடி’ என்று எழுதியிருக்கிறாள். பின்னால் சித்தப்பா சிரிக்கிறார்.

முறையாவது, மண்ணாங்கட்டியாவது. எவன் வேணா வந்து ஒக்காந்துக்கலாமா? கோயிலில் ஒருத்தன்கூடவா கேட்கவில்லை?

என் மனைவி கஸ்தூரி இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். என்னை விட்டுப் போன அன்று சொன்னாள்: “நமக்குப் புள்ள பொறக்கல. அது அந்தப் புள்ள செஞ்ச புண்ணியம்.”

16 நவம்பர்

சித்தப்பா போய்விட்டார். அர்ச்சுனன் செய்தி அனுப்பியிருந்தான், அழைக்கவில்லை.

மகன் இல்லாதவருக்கு அண்ணன் மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கேட்கட்டும். கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றுவிட்டு ஒப்புக்கொள்ளலாம். புது வேட்டி வாங்கிப் பையில் வைத்தேன்.

17 நவம்பர்

“வாங்கண்ணா. வெள்ளம் வடிஞ்சிருச்சா?”

அவ்வளவுதான் வாசுகி பேசியது. குரலில் கோபம்கூட இல்லை.

நீர்க்குடத்தை அவளே தோளில் தூக்கினாள். மூன்று சுற்றும் அவளே சுற்றினாள். நான் முன்வரிசையில், பையோடு, கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. மின்சுடலையிலும் அவள்தான் பொத்தானை அழுத்தினாள்.

குழந்தை “மாமா, மாமா” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. ஒரு கணம் — சீ! எனக்குப் பின்னால் கென்னத் நின்றிருந்தான். ஓடிய வேகத்தில் என் காலை மிதித்துவிட்டது.

“அங்கிள் கால மிதிக்கக்கூடாதும்மா,” என்றாள் வாசுகி. “சாரி சொல்லு.”

சொன்னது.

18 நவம்பர்

வேட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தேன். சித்தப்பாவின் தட்டு அங்கேதான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.