சீல் மேல் வைத்த சந்தனம்

என் அருமை மச்சான் மாடசாமிக்கு,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதனால் நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ஏரியல் வைத்த மேசைப் போன் மறுபடி பேசுகிறது.

நீ கண்ணை மூடிய பிறகு அதன் பேட்டரியும் செத்துப்போனது. நம்ம ரப்பர் தோட்டத்தில் மழை இறங்கினால் கரண்ட் நிற்கும். கரண்ட் நின்றால் அதுவும் ஊமை. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் உன் மகள் செல்வி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். நாம் திருப்பிக் கூப்பிட அவளுக்கு நம்பர் கிடையாது. ஒரு மழை ஞாயிறு போனது, அடுத்ததும் போனது. உன் பொண்டாட்டி, என் தங்கச்சி, அந்தப் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கேகாலையில் டெலிபோன் கம்பெனிக் கவுண்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த சிங்கள மாத்தயா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். சீல் உரிந்திருக்கிறது, நீங்கள் திறந்திருக்கிறீர்கள், கியாரண்டி கிடையாது என்றார். பேட்டரியை மட்டும் விலைக்குக் கேட்டேன். தனியாக விற்பதில்லையாம். புது செட் எடுங்கள், புது நம்பர் வரும் என்றார். செல்விக்குத் தெரிந்தது இந்த ஒரு நம்பர்தானே மச்சான்? புது நம்பரை அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

சீல் ஏன் உரிந்தது என்று உனக்கே தெரியும். அந்த ஸ்டிக்கருக்கு என்ன பயம் பயந்தாய்! நான் ஸ்குரூடிரைவரை எடுத்தாலே, "அதத் தொடாத மச்சான், கம்பெனிக்காரன் ஒட்டுனது" என்பாய். நான் ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே வேலை கற்றவன் என்பதையும் நீ மதிக்கவில்லை. ஆயுத பூஜைக்குப் பால்வெட்டுக் கத்தியோடு போனையும் வைத்து, சரியாக அந்த ஸ்டிக்கர் மேலேயே சந்தனம் பூசினாய். ஈரத்தில் ஓரம் கிளம்பிவிட்டது.

தொடாத உனக்கே திறந்தவன் என்ற பட்டம். சரி, திறந்தே விடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நாம் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம், மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். நமக்கென்று முழுக்காசு கொடுத்து வாங்கியதே ஒன்றிரண்டு சாமான். அதற்குள்ளும் நுழையாதே என்றால், நாம் வாங்கியது எதை?

மாவனல்லையில் ரேடியோக் கடை முஸ்லிம் நானாவிடம் அதே அளவு பேட்டரி இருந்தது.

"கம்பெனி கோவிக்குமே," என்று சிரித்தார்.

"கோவிச்சா லயத்துக்கு வரச் சொல்லுங்க, தேத்தண்ணி ஊத்தித் தர்றோம்," என்றேன்.

திறந்தேன். உள்ளே ஒரு பூதமும் இல்லை மச்சான். பேட்டரி, இரண்டு வயர், கொஞ்சம் தூசி. அதோடு நிற்கவில்லை. சிக்னல் போதாதென்று ஏரியலையும் வயர் கொடுத்துக் கூரைக்கு ஏற்றிவிட்டேன்.

போன ஞாயிறு நல்ல மழை. கரண்ட் நின்றது. போன் அடித்தது. தங்கச்சி எடுத்தாள், அழுகைதான் வந்தது. நான் வாங்கினேன். கம்பெனி திருத்திக் கொடுத்ததா மாமா என்று செல்வி கேட்டாள். நடந்ததை உன் சந்தனம் உட்படச் சொன்னேன்.

"அப்பா பயந்ததெல்லாம் வீணாப்போச்சே மாமா," என்று சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

நீ வாசிக்க மாட்டாய் என்று தெரியும்; இந்த வாக்கை லயத்து ஆட்கள் எல்லோரும் வாசிக்கவே எழுதுகிறேன். செல்வி வந்து இறங்கும்வரை இந்த நம்பர் உயிரோடு இருக்கும். எது கெட்டாலும் திறப்பேன், திருத்துவேன், யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். வரும் ஆயுத பூஜைக்கு நீ வைத்த இடத்திலேயே சந்தனம் வைப்பேன். மிச்ச ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டேன். இப்போது இடம் தாராளம்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு அடங்காத மச்சான்,
சுப்பையா