தாடைக்கடியில் இருந்த தழும்பு

லேக் கார்டன்ஸ், கல்கத்தா

அன்பு ரோஹிணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிரிதரும் திருச்சியில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இரண்டு வருடம் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்த அம்மாவின் இருமலுக்குக் காரணம் மூச்சுக்குழாயில் உள்ள கட்டி என்று போனில் சொன்னேன் அல்லவா, குழாய் விட்டு எடுத்த துணுக்கைச் சோதித்ததில் அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வருகிற வகையாம். நுரையீரலில் மிக அபூர்வம், ஆனால் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் அதே போன்ற சிறு சுரப்பிகள் உண்டு, அங்கேயே பிறந்ததென்றால் வெட்டியெடுத்துவிடலாம் என்று டாக்டர் அம்மாள் தேதியும் குறித்தார். வேறிடத்திலிருந்து பரவியதென்றால் வைத்தியமே வேறு. அதனால்தான் முன்பு முகத்திலோ கழுத்திலோ கட்டி எடுத்ததுண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். நான் இல்லை என்று எழுதினேன்.

நேற்றுக் காலை மஃப்ளர் சுற்றிவிடும்போது அவள் இடது தாடைக்கடியில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். நீ சின்னவளாக இருந்தபோது, லீவுக்குத் திருச்சி வந்த இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்தார்களே. பல் வீக்கம் என்றே வீட்டில் சொல்லிச் சொல்லி, அது ஆபரேஷன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சோதனை முடிவுக்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள், லீவு முடிந்ததென்று வாங்காமலே ரயிலேறினேன். தபாலிலாவது கேட்டிருக்கலாம். பயந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

இன்று டாக்டரிடம் சொன்னேன். வங்காள வழக்கப்படி மரியாதையாக மேஷோமொஷாய் என்று என்னை அழைத்து, இப்போதாவது சொன்னீர்களே என்றார். இந்த வகை இருபது வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டுமாம். இருக்கும் இடத்தைப் பார்த்தால் அங்கேயே பிறந்தது போலிருக்கிறது, ஆனாலும் பழைய திசுவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கத்தி எடுக்க மாட்டேன் என்று தேதியைத் தள்ளிவிட்டார். உன் அம்மாவோ, துறைமுக ஆபீஸ்ல முப்பது வருஷம் ஊரார் ஃபாரத்தையெல்லாம் திருப்பி அனுப்பினேளே, உங்க ஃபாரத்தைத் திருப்பி அனுப்ப ஒரு ஆள் இல்லாம போச்சே என்றாள். சிரித்தாள், பிறகு வெகுநேரம் இருமினாள்.

அவள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அன்று ஆபரேஷன் செய்த அந்தத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட்டையும், மெழுகில் பதித்து வைத்த திசுவையும் கேள். இத்தனை வருடம் வைத்திருப்பார்களோ தெரியாது. தனியாகப் போகாதே, மாப்பிள்ளையையும் அழைத்துப் போ. படிவத்தில் இல்லை என்பதை அடித்து ஆம் என்று எழுதிவிட்டேன், வருடம் மட்டும் காலியாக இருக்கிறது. தொண்ணூற்றெட்டா, ஒன்பதா? உனக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, நர்ஸுகளிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினாய். அதை வைத்து யோசித்துச் சொல்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். காகிதம் கிடைத்தால் எனக்காகச் சுருக்கிச் சொல்லாதே, போனில் முதல் வரியிலிருந்து வாசி. இந்த முறை முழுவதும் கேட்கிறேன்.

உன் அப்பா,
வாஞ்சிநாதன்