நான் வெள்ளை என்று சொன்ன கல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அங்கே நீயும் உன்னை மணக்கப்போகிற பெண்ணும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். நன்றாக இருக்கிறேன் என்று எழுதியதில் இந்தத் தடவை கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது, அதைச் சொல்லத்தான் போனை எடுக்காமல் காகிதத்தை எடுத்தேன். போனில் என்றால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுபோகும். வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, இப்போது சொட்டவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், அதனால் இந்த மாடியில் இப்போது நான் மட்டும்தான். லிப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன், பெரும்பாலும் யாராவது தளம் மாறி இறங்கியிருப்பார்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு வாரம் போன் ரிப்பேர் என்று சொன்னேன் அல்லவா, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பதறாதே, நல்லபடியாக முடிந்துவிட்டது, சொட்டு மருந்துகூட நிறுத்தியாகிவிட்டது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். கோபத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட்டு முழுவதையும் படி, ஏனென்றால் இதில் அவளுடைய மோதிரக் கல்லும் சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கு நீ போன் செய்து, "மோதிரத்துக்குக் கல்லு நீயே பாத்து எடும்மா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றாய். வைரம் தரம் பிரிக்கிற ஆபீசில் நிறம் பார்க்கிற மேஜையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்ற இந்த நாலு வருடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை என்னிடம் யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் கேட்பதெல்லாம் மாத்திரை போட்டாச்சா, கதவைத் தாழ் போட்டாச்சா என்பதுதான். மறுநாளே குச்சியிடம் போனேன். குச்சியை உனக்கு நினைவிருக்கும், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையன், இப்போது அவனே கல் வியாபாரம் செய்கிறான், தொப்பையும் போட்டுவிட்டது, ஆனாலும் குச்சிதான். பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை, வடக்குப் பார்த்த ஜன்னல், வெள்ளைப் பலகை போட்ட மேஜை. "வாங்கக்கா, வழி தெரிஞ்சுதா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மூன்று கற்களை எடுத்து வைத்தான். ஒன்றின் வெட்டு சரியில்லை, அடிப்பக்கம் ஆழம் கூடுதல், உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பி வராமல் கீழேயே ஒழுகிவிடுகிறது, நடுவில் கிணறு மாதிரி கறுப்பு. வெட்டு கெட்டால் மற்றது எது இருந்தும் பிரயோஜனமில்லை என்று அதை உடனே தள்ளிவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று சிறியது, உள்ளே துளி அழுக்கு கிடையாது. இன்னொன்று கொஞ்சம் பெரியது, பட்டை ஒவ்வொன்றும் அளந்து போட்டது மாதிரி, ஓரத்தில் மட்டும் ஊசிமுனையளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மோதிரத்தின் பிடி மறைத்துக்கொள்ளும், அதனால் அது ஒரு குறையே இல்லை. நிறத்தைத்தான் மறைக்க முடியாது, அதுவும் அவள் கேட்டது வெள்ளை உலோக மோதிரம், லேசான மஞ்சள்கூட அதில் எடுத்துக் காட்டும். பெரிய கல்லைக் காகித மடிப்பில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் பார்த்து, எஃப் என்றேன். எழுத்து டி-யில் தொடங்கும், கீழே இறங்க இறங்க மஞ்சள் ஏறும், எஃப் என்றால் நல்ல வெள்ளை.

குச்சி, எழுத்து முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கிற கற்கள் உள்ள பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "ஒரு தடவை இதோட வச்சுப் பாத்துருங்கக்கா, எனக்கு மஞ்சள் தெரியுது, ஜே-ன்னுதான் படுது" என்றான். பெட்டியை அவன் பக்கமே தள்ளினேன். "முதல்ல உன் லைட்டை மாத்து, நான் பாக்காத மஞ்சளா" என்றேன். மறுநாளும் சொல்லிப் பார்த்தான், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், "உங்க இஷ்டம்க்கா" என்று விட்டுவிட்டான். ஜே-க்கு உள்ள விலையைத்தான் வாங்கினான், நான்தான் எஃப் கல்லை ஜே விலைக்கு அடித்துவிட்டேன் என்று உன்னிடம் பெருமை பீற்றிக்கொண்டேன். சர்டிபிகேட் வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு, எழுதினவளுக்கே சர்டிபிகேட்டா என்று சிரித்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், அரை நாளில் முடிகிற அந்த வேலையை நான் மூன்று நாள் இழுத்தேன். கல்லுக்காக இல்லை. அந்த அறையில் நான் பேசினால் திருப்பிப் பேச ஓர் ஆள் இருந்தது.

கல் வந்தது, மோதிரமானது, அவள் கையில் ஏறியது, நீ படம் அனுப்பினாய். அதற்கப்புறம்தான் ஒருநாள் கீழ்த்தளத்து டெய்லரம்மாவிடம் கிழிந்த தலையணை உறையைத் தைக்கக் கொடுத்தேன், நூலும் நானே வாங்கிக் கொடுத்தேன். அவள் நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் துணிக்கு எதுக்கும்மா சந்தனக் கலர் நூலு" என்றாள். நான் வெள்ளைதானே என்றேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். "ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்தியிருக்கும்மா, மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்குற மாதிரிதான். இது திடீர்னு வந்ததில்ல, அஞ்சாறு வருஷமாவது இருக்கும்" என்றாள். அவள் ஆபரேஷனைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கல், கல் என்றே ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சாறு வருடம் என்றால் நான் வேலையில் இருந்தபோதே என்ற கணக்கும் கூடவே ஓடியது.

ஆபரேஷனுக்குத் துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்றார்கள். டெய்லரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று நான் செய்த கூத்தைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை, வலது கண்ணை மூடினால் அதே சுவர் தேநீர் ஊற்றிக் கழுவியது மாதிரி. பக்கெட்டின் நீலம் கண்ணைக் குத்தியது. அலமாரியில் இருந்த துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன், கறுப்பு என்று நினைத்திருந்தது ஒன்று கருநீலம். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. கண்ணுக்குள் இருப்பதை யாரிடம் காட்டுவது. அத்தனையையும் மடித்து மறுபடி உள்ளே வைத்தேன்.

ஆட அசையக்கூடாது என்ற நாட்கள் முடிந்ததும் குச்சியிடம் போய், ஏண்டா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டு தடவை சொன்னேன்க்கா" என்றான், அது உண்மைதானே. பிறகு அவனாகவே, மேஜையைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்றையும் சொன்னான். என் கடைசி வருடத்தில் என்னை நிறம் பார்க்கிற மேஜையிலிருந்து எடை போடுகிற மேஜைக்கு மாற்றினார்கள், சீனியர் என்ற மரியாதைக்கு இலகுவான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று உன்னிடம்கூடச் சொன்னேன். "நீங்க எழுதுற எழுத்து மத்த ரெண்டு பேரோட ஒத்து வரலக்கா. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு மேனேஜர் அப்படிச் சொன்னாரு. எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றான். ஒரு கல்லை மூன்று பேர் பார்ப்பதால் தப்பான எழுத்தோடு எதுவும் வெளியே போகவில்லை என்றும் சொன்னான். அது எனக்குப் பெரிய நிம்மதி, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடைபெறும் நாளில் நம் தொழிலுக்குக் கண்தான் எல்லாம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் அவர்களுக்குப் புத்தி சொன்னேன். அத்தனை பேரும் கை தட்டினார்கள். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் அந்தக் கைதட்டல்தான் கேட்டுக்கொண்டிருந்தது, இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டேன். அன்றைக்கே ஒருவர், அம்மா கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் அரை நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான், அஞ்சு வருடம் மஞ்சளில் இருந்திருக்க மாட்டேன்.

உனக்கு எப்படிச் சொல்வது என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நீ கட்டிக்கப்போகிறவள் போன் செய்தாள். என்னை அத்தை என்றுதானே கூப்பிடுகிறாள், அந்த ஒரு சொல்லிலேயே என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகு, "அத்தை, எங்களுக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் போடப் போனப்பவே இங்க ஒரு கடையில கலர் ஜே-ன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னாரு. நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன்" என்றாள். நீ என்னிடம் சூப்பரா இருக்கும்மா, எல்லாரும் கேக்குறாங்க என்று எத்தனை தடவை சொன்னாய். வெட்டு ரொம்ப நல்ல வெட்டு என்று அந்தக் கடைக்காரர் சொன்னாராம், அதையும் அவள்தான் சொன்னாள், அதையாவது நான் தப்பாகப் பார்க்கவில்லை. குச்சியிடம் கேட்டு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அத்தை, இதுவே போதும் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "மாத்த முடியும்னா மாத்திக்கிறேன் அத்தை, எனக்கு வெள்ளையாத்தான் ஆசை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சின்னக் கல்லை நேற்றுப் போய்ப் பார்த்தேன், இன்னும் விற்கவில்லை. ஒப்பிடுகிற கற்களை வரிசையாக வைத்து, வலது கண்ணால் மட்டும் பார்த்து, நான் எழுதியதும் குச்சி எழுதியதும் தனித்தனிக் காகிதம், இரண்டிலும் ஈ என்று இருந்தது. சர்டிபிகேட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது.

நீ எனக்காகத்தான் மறைத்தாய், தெரியும். நானும் உனக்காகத்தான் ஆபரேஷனை மறைத்தேன். மனசு நோகும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கடைசியில் இந்த வீட்டில் என்னோடு நான் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் பதில் சொல். மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை என்கிறாய். லீவுதான் கிடைக்கவில்லையா, இல்லை அப்பா இல்லாத இந்த வீட்டுக்குள் நுழைய உனக்கு மனம் வரவில்லையா. இரண்டாவதுதான் என்றால் அதையே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். நானும் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கப் பழகிவிட்டது என்று கேட்கும்போதெல்லாம் சொல்கிறேனே, பழகவில்லை கண்ணு.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத மனசோடும் இருக்க என் ஆசீர்வாதம். அவளிடம் என் அன்பைச் சொல், அவள் சொன்னதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதே. மோதிரத்தை அனுப்பும்போது கல்லைக் கழற்றாமல் அப்படியே அனுப்பு. இடது கண்ணுக்கு வருகிற இருபதாம் தேதி, காலை எட்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள், அதற்குள் போன் செய்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா