நாலு மணிக் காப்பி

18 ஜனவரி 1971, திங்கள்

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்துவிட்டது. ஆள் வந்துவிட்டார்களே தவிர, பாதிப் பேர் மனசு இன்னும் ஊரிலேயே இருக்கிறது. ஒருவன் பனியன் கழுத்தைக் கை அளவுக்கு வெட்டி வைத்தான். திட்டினேன். மத்தியானம் நானே இரண்டு பனியனுக்கு அளவு மாற்றி வெட்டினேன். கட்டிங் மாஸ்டர் தப்புச் செய்தால் திட்ட ஆளில்லை, அது ஒரு வசதி.

சாயங்காலம் டீ கேன் வந்தது. எனக்கு மட்டும் வழக்கம்போலத் தனி டம்ளரில் வரக்காப்பி. புதிதாகச் சேர்ந்த தையல்காரர், "மாஸ்டருக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகாதுங்களா?" என்று பக்கத்தில் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க. அவரு வரக்காப்பிச் சங்கத்துத் தலைவரு. பால், தயிரு, நெய்யி எதுவும் தொடமாட்டாரு" என்று பதில் வந்தது. ஒரு சிரிப்பு. பதினாறு வருஷமாகக் கேட்கும் சிரிப்புதான். சங்கத்துக்கு நான் வைத்த பெயர் ஆநிரைக் கருணைச் சங்கம். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர்கூட என் வீட்டுக்கு வழி கேட்டதில்லை.

இந்த வருஷம் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. என் மனைவி சாரதாமணி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தெருவெல்லாம் பானை பொங்கியபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1956 பொங்கல்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் பாலை விட்ட முதல் வருஷம். தேங்காய்ப்பால் ஊற்றலாம் என்றேன். அது பொங்கவே இல்லை. திரிந்துபோய் மேலே எண்ணெய் மிதந்தது. பக்கத்து வீடுகளில் குலவை கேட்கிறது, எங்கள் பானை மட்டும் ஊமையாக நிற்கிறது. "வருசம் பூராவும் நம்மூடு இப்பிடித்தான் இருக்குமுங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், அரிசி களைந்த தண்ணீரைக் கெட்டியாக நிறைய ஊற்றி விறகைத் தள்ளி எரித்தாள். பானை நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த மாசக் கூட்டத்தில் அதை என் கண்டுபிடிப்பு மாதிரி பேசினேன்.

20 ஜனவரி, புதன்

மழை மாதிரி வந்து பெய்யாமல் போனது. ரசம் வைத்தேன், உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

26 ஜனவரி, செவ்வாய்

குடியரசு தினம், லீவு. பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். பழைய நோட்டீஸ் கட்டு ஒன்று கிடைத்தது. அவிநாசித் தேருக்கு அச்சடித்தது, 1957. 'தாய்மாரே! கன்றின் பங்கைக் கவராதீர்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தேருக்கு எல்லாரும் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் கடலைப்பால் பந்தல் போட்டோம். முந்தின நாளே சாரதா கடலையை ஊறவைத்து, விடிய எழுந்து ஆட்டுக்கல்லில் அரைத்து, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் துணியில் பிழிந்து இரண்டு அண்டா நிறைத்தாள். காலையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சித்திரை வெயில், பதினோரு மணிக்குப் பால் புளித்துவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசாமல் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் கலக்கினாள். அப்புறம் பார்த்தால் கூட்டம். "உங்க மோருதானுங்க எல்லாத்தையும்விட நல்லாருக்குது" என்று ஒரு பெரியவர் மூன்று சொம்பு குடித்தார். இது மோர் இல்லை என்று நான் நோட்டீஸை நீட்டப் போனேன். "சும்மா இருங்க, அவரு குடிக்கட்டும்" என்று என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்லூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்பை எப்போது விட்டாள்? எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

31 ஜனவரி, ஞாயிறு

பல்லடத்திலிருந்து மகள் கமலா வந்திருந்தாள். அம்மாவுக்குத் தலைத்திவசம் பிப்ரவரி இருபதாம் தேதி வருகிறது. படையலுக்கு என்னென்ன என்று பட்டியல் சொன்னாள். பச்சைப்பயறுப் பாயசம், தட்டைப்பயறுக் குழம்பு, முறுக்கு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒரு டம்ளர் பால் காப்பியும் வெக்கோணுமுங்கப்பா. அம்மாவுக்கு அதுன்னா உசுரு" என்றாள்.

முடியாது என்றேன். அம்மாவுக்கு எது வேண்டுமானாலும் வைக்கலாம், பால் மட்டும் இந்த வாசலைத் தாண்டாது என்றேன்.

கமலா சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "இருந்த வரைக்கும் ஒளிஞ்சுதான் குடிச்சுது. போன பொறகுமா ஒளியோணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

1 பிப்ரவரி, திங்கள்

நான் ஒன்றும் விளையாட்டுக்குப் பாலை விடவில்லை. 1955-இல் பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பார். ஒருநாள் அவர் கக்கத்தில் ஒரு கன்று. செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தைத்தது. கீழே வைத்தார். மாடு அதை நக்க ஆரம்பித்தது. நக்கி நக்கிப் பால் விட்டது. தையல் பிரிந்த இடத்தில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் நக்கியது. அன்றைக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றவன் நான். கறி விட்டது எனக்குச் சுலபம், பாதி வருஷம் விரதத்திலேயே போய்விடும். பால் அப்படி இல்லை. ஆனாலும் அன்றோடு விட்டேன்.

சாரதாவும் என் பின்னால் நின்று பார்த்தாள். பாவம் என்றாள். விட்டுவிடலாம் என்றாள். ஆனால் காப்பியை மட்டும் அவளால் விட முடியவில்லை. பக்கத்து வீட்டு வேலாத்தாள் நாலு மணிக்குக் காப்பி போடுவாள். நான் வீட்டில் இருக்கும் நாளில் இவள் முருங்கைக்கீரை கொடுக்கப் போகிறேன், முறம் வாங்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

1961 ஆண்டுக் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள், அதுதான் எங்கள் பெரிய கூட்டம். பேச்சு சூடுபிடித்துவிட்டது. கைதட்டல் கேட்டால் எனக்கு நிதானம் போய்விடும். "ஊரைத் திருத்திவிடலாம் ஐயா. நாலு மணி ஆனால் பக்கத்து வீட்டுப் பால் காப்பிக்கு ஓடுகிற ஆள் என் வீட்டிலேயே இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கடைசி வரிசையில், நாற்பது பேருக்கு அரைத்துக் கொண்டுவந்த கடலைப்பால் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அண்டாவைக் கழுவினாள். வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை.

ஆனால் நாலு மணிக்கு வேலாத்தாள் வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. வீம்புக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

7 பிப்ரவரி, ஞாயிறு

மாசக் கூட்டம். ஐந்து பேர். தெருவில் ஓட்டுக் கேட்கும் ஜீப் போய்க்கொண்டே இருந்ததால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. செயலாளர் ஆத்தப்பனிடம் கமலா கேட்டதைச் சொன்னேன். தையல் மிஷின் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். யோசித்துவிட்டு, "தலைவரூட்டுக்கே பால் வந்துதுன்னா, நாளைக்கு நாம எந்த ஊட்டுப் படியேறிப் பேசறதுங்க மாஸ்டர்?" என்றார்.

நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

12 பிப்ரவரி, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு நாலு மணிக்கு வேலாத்தாள் வீட்டுக்குப் போனேன். வைப்பதென்று முடிவு செய்து போகவில்லை. சாரதா காப்பியை எப்படிக் குடிப்பாள், சர்க்கரையா வெல்லமா, திக்காகவா — இருபத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு இது தெரியவில்லையே என்றுதான் போனேன்.

வேலாத்தாளின் வீட்டுக்காரர் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். கேட்டேன்.

"அக்கா பால் காப்பிய விட்டுப் பத்து வருசமாச்சுங்களே அண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெனமும் இங்கதானே வந்துட்டிருந்தா?"

"வரும். இப்ப நீங்க உக்காந்திருக்கற பலகையிலதான் உக்காரும். நான் குடிப்பேனுங்க. 'நல்லா ஆத்து வேலாத்தா, வாசமாச்சும் இந்தப் பக்கம் வரட்டும்'ங்கும். ஊத்திக் குடுத்தா வாங்காது. 'ஒருநாளு நாலு பேரு சிரிச்சாங்க, அன்னைக்கே தொண்டையில எறங்காமப் போச்சு'ன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல நானும் கேக்கலீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

வேலாத்தாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதையும் கேட்டேனுங்க. 'சொன்னா அதையும் கூட்டத்துல சொல்லீருவாங்க'ன்னுச்சு."

எழுந்து வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

13 பிப்ரவரி, சனி

சொல்லியிருப்பேன். சாரதா சொன்னது சரிதான். அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று, என் வீட்டில் வெற்றி என்று சொல்லியிருப்பேன்.

15 பிப்ரவரி, திங்கள்

பத்து வருஷம். மாட்டுக்காக விட்டிருந்தால் சந்தோஷப்படலாம். எனக்காக விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடிப்பாவி, வெட்கப்பட்டு விட்டிருக்கிறாயே. உயிரையே வைத்திருந்த ஒன்றை, எதிரே உட்கார்ந்து வாசம் மட்டும் பிடித்துக்கொண்டு — நான் என்ன மனுஷன்?

கமலாவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். 'நீ சொன்னபடி செய்யலாம். பால் நானே வாங்குகிறேன். நானே போடுகிறேன்.'

20 பிப்ரவரி, சனி

காலை ஆறு மணிக்குச் சொம்போடு வாசலில் நின்றேன். இப்போது பால் சைக்கிளில் கேனில் வருகிறது. பால்காரர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டதும் திரும்பி, சொம்பைப் பார்த்தார், உள்ளே மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். அளந்து ஊற்றிவிட்டு, மேலே கொஞ்சம் ஊற்றினார்.

வேலாத்தாள் டிகாஷன் இறக்கிக் கொடுத்திருந்தாள். திக்காக, வெல்லம் இல்லை, சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலை அடுப்பில் வைத்தேன். பதினாறு வருஷமாகப் பால் காய்ச்சாத கை. அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்று ஞாபகம் வந்தது. நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் ஞாபகம் வந்தது. அது இன்றைக்கும் தப்புத்தான், எனக்கு அதில் மாற்றமில்லை. ஆனால் சாரதாவைச் சிரிப்பாக்கி நாற்பது பேருக்குப் பந்தி வைத்தேனே, அது எதில் சேர்த்தி?

"அப்பா, அப்பா, அடுப்பப் பாருங்க" என்று கமலா ஓடிவந்தாள். பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, நாலு பக்கமும் வழிந்து அடுப்பை நனைத்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பால் பொங்கிப் பார்க்கச் சாரதா எத்தனை பொங்கல் ஆசைப்பட்டிருப்பாள். கமலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பனும் மகளும் அடுப்படியில் நின்று அழுதோம்.

மிச்சமிருந்த பாலில் காப்பி கலந்து, நன்றாக ஆற்றி, நுரையோடு படத்துக்கு முன் வைத்தேன். படையல் முடிந்து அதை வேலாத்தாளிடம் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை. குடிக்கவும் மாட்டேன்.

7 மார்ச், ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பத்து வருஷத்துக்கு முன் இதே சங்கத்தில் என் மனைவியைக் கேலி செய்தேன், அது தப்பு. படையலுக்குப் பால் காப்பி வைத்தேன், அதற்காக வருந்தவில்லை. தலைவர் பொறுப்பை விடுகிறேன். அவ்வளவுதான் பேசினேன். இதுவரை பேசியதிலேயே சின்னப் பேச்சு.

ஆத்தப்பன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கி நானுந்தானுங்க சிரிச்சேன், மாஸ்டர்" என்றார்.

11 ஏப்ரல், ஞாயிறு

ஆத்தப்பன்தான் இப்போது தலைவர். இந்த வருஷத் தேருக்கு நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்துக்குக் கடலைப்பால் பிழிய மட்டும் போகிறேன். சாரதா அளவுக்கு வழவழப்பாக வரமாட்டேன் என்கிறது.

9 மே, ஞாயிறு

லீவு நாளில் நாலு மணிக்கு வேலாத்தாள் கூப்பிடுகிறாள். அவள் வீட்டுக்காரரும் நானும் எதையாவது பேசிக்கொண்டிருப்போம். எனக்கு வரக்காப்பி, அவர்கள் இரண்டு பேருக்கும் பால் காப்பி. வாசம் இந்தப் பக்கம் வரும். நல்ல வாசம்தான்.

இன்றைக்கு வேலாத்தாள் கையில் இருந்த டம்ளரிலும் கறுப்பாகவே இருந்தது. பால்காரர் வராமல் இருந்திருக்கலாம். பால் திரிந்திருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கேள்வி வாய் வரைக்கும் வந்தது.

நான் கேட்கவில்லை.